கேரியரில் ஒன்றும் இல்லாமல்

1

ஊர்க் கோயில் கொடை விழா மலருக்கு, வெளியூரில் பிழைக்கப் போனவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு கட்டுரை தர வேண்டுமாம். துபாய்க்காரர்களும் சிங்கப்பூர்க்காரர்களும் கொடுத்துவிட்டார்களாம். "பம்பாய்ல இருந்து ஒரு பொம்பளையும் எழுதல. நீங்க எழுதுங்க அத்தை. சந்தோஷமான விஷயமா எழுதுங்க" என்று என் அண்ணன் மகள் போனில் சொன்னாள். நான் அஞ்சாம் வகுப்புதான் என்றேன். வாயில் வருவதை எழுதினால் போதும் என்றாள். எனக்கு வாயில்தான் ஒன்றும் வராது. அதை அவளிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

சந்தோஷமான விஷயம் என்றதும், போன ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குச் சைக்கிளில் போனதைத்தான் நினைத்தேன். எழுதிப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. மாற்றி எழுதினேன். மறுபடியும் எரிச்சல்தான். அப்படியே அனுப்புகிறேன். என் மகனுக்குத் தமிழ் வாசிக்க வராது, அது ஒரு தைரியம்.

2

புரட்டாசி கடைசியில்தான் நான் கல்யாணமாகி பம்பாய்க்கு வந்து இறங்கினேன். அந்த நாள் என் மகன் முருகேசனுக்கு எப்படியோ ஞாபகம் இருக்கிறது. போனில் போட்டு வைத்திருக்கிறானாம், அது கூவும். ஒவ்வொரு வருஷமும் ஒரு சேலை எடுத்துத் தருவான். இந்த வருஷம், "என்ன வேணும்னு நீயே சொல்லும்மா" என்றான். சொல்வதற்கு எனக்கு இரண்டு மூன்று நாள் பிடித்தது. சாப்பாடு போடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, "நீங்க சைக்கிள்ல போவியள்லா, அந்த ஏரிக்கு நானும் வாறேன்" என்றேன்.

அவனும் ஆபீஸ் சிநேகிதர்களும் லீவு நாளில் சைக்கிளை டெம்போவில் ஏற்றிக்கொண்டு, கல்யாண் தாண்டி ஷஹாபூர் பக்கம் போவார்கள். பம்பாய்க் குழாய்க்கெல்லாம் தண்ணீர் வருகிற ஏரிகள் அங்கேதான் இருக்கின்றன. சுற்றிலும் தேக்குக் காடு. அவன் போனில் படம் காட்டியிருக்கிறான்.

"நீயா? சைக்கிள்லயா? முட்டி?" என்றான்.

"நடந்தாத்தான் முட்டி வலிக்கும். சைக்கிள்ல வலிக்காது."

என் மருமகள் ஷீத்தல் மராட்டிப் பெண். நாங்கள் இரண்டு பேரும் அரைகுறை ஹிந்தியில் பேசிக்கொள்வோம். அவள்தான், "சலோ நா ஆயி, மஜா ஆயேகா", வாங்கம்மா, நல்லா இருக்கும் என்று எனக்காகப் பேசினாள். ஆனால் நான் ஏன் கேட்டேன் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது. இங்கே சொல்கிறேன்.

நம்ம ஊர்க் குளத்துக் கரையில் அந்தக் காலத்தில் பையன்கள் வாடகைச் சைக்கிள் எடுத்து ஓட்டுவார்கள். பெண்பிள்ளைகள் நாங்கள் தலையில் துணி மூட்டையோடு கரையோரம் ஒதுங்கி நின்று வழி விடுவோம். அந்தக் குளத்துக்காக நான் ஏங்கவில்லை. பாதி வருஷம் அது காய்ந்து, ஆடு மேயும். பையன்கள் ஓட்டிய விதம்தான் கண்ணில் நிற்கிறது. அவர்களுக்குப் போய்ச் சேர ஓர் இடமும் இல்லை, கொண்டு போக ஒரு சாமானும் இல்லை. கரை முடிகிற இடத்தில் திரும்பி, வந்த வழியே வருவார்கள். இப்படியும் ஒரு மனுஷன் போகலாமா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

பிறகு நானும் சைக்கிள் ஓட்டினேன். ஆயுசில் பாதி ஓட்டினேன். பின்னால் பாரம் இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டியதில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கேரியரில் ஒன்றும் இல்லாமல் ஒரு தண்ணீரோரமாக மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். கேட்டது அதற்குத்தான்.

3

தாராவியில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் விடிவதற்கு முன்னால் இட்லி அவிப்பார்கள். ஆண்கள் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வடாலா, சயான், மாட்டுங்கா என்று பிரிந்து போவார்கள். என் வீட்டுக்காரரும் போனார். முதுகெலும்பில் கோளாறு வந்து அவர் படுத்ததும், அதே சைக்கிளை நான் எடுத்தேன். சேலையோடு ஏற முடியவில்லை என்று, பக்கத்துப் பட்டறையில் நடுக்கம்பியை அறுத்து, கீழே தாழ்த்தி வெல்டிங் வைத்துக் கொடுத்தார்கள்.

ஓட்டப் பழகினேன். கூவத்தான் வரவில்லை. ஒரு கட்டிடத்துக்குக் கீழே நின்று "இட்லீ" என்று சத்தம் போட வேண்டும். தொண்டை வரைக்கும் வரும், அங்கேயே நின்றுவிடும். முதல் நாள் பாதி இட்லியைத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

"ஏட்டி, வாயத் தொறந்து ஒரு சத்தம் போட்டா உசுரா போயிரும்?" என்று அவர் படுத்த இடத்திலிருந்தே திட்டினார். மறுநாள் அவரே யாரிடமோ சொல்லி, ரப்பர் பந்து வைத்த ஹார்ன் ஒன்று வாங்கி ஹேண்டில் பாரில் மாட்டச் சொன்னார். அமுக்கினால் 'பாம் பாம்' என்னும். அன்றிலிருந்து எனக்குப் பதிலாக அது கூவியது. ஒவ்வொரு சந்துத் திருப்பத்திலும் இரண்டு தடவை. ஆட்கள் தட்டோடு இறங்கி வருவார்கள். நான் வாய் திறக்க வேண்டியதே இல்லை. விற்றுத் திரும்பும்போது மறுநாளுக்கு அரிசியும் உளுந்தும் ஏற்றிக்கொண்டு வருவேன்.

மராட்டியும் எனக்கு அந்த அளவுக்குத்தான் தெரியும். எத்தனை வேண்டும், சூடு, சாம்பார் தீர்ந்துவிட்டது, நாளைக்கு. இவ்வளவுதான். 'நகோ' என்றால் வேண்டாம். சட்னி நகோ, இன்றைக்கு நகோ என்று மற்றவர்கள் என்னிடம் சொல்லிச் சொல்லித் தெரிந்துகொண்ட வார்த்தை அது. நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. இத்தனை வருஷம் இருந்து இவ்வளவுதானா என்று இங்கே ஆபீஸ்களில் கேட்பார்கள். ஆதார் எடுக்கப் போன இடத்தில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? வீட்டுக்காரர் பெயரையே அதில் போட்டார்கள். அடுத்த இடத்தில் அப்பா பெயரைப் போட்டார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று இன்றைக்கு வரைக்கும் அலைகிறேன். ஒத்துப்போகாததற்குக் காரணம் சொல்ல எனக்கு மராட்டி போதாது. சாம்பார் தீர்ந்துவிட்டது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

4

சனிக்கிழமை காலையில் முருகேசன் அடுக்களைக்கு வந்தான்.

"ம்மா, பசங்க எல்லாம் கேக்காங்க. ஆன்ட்டி வர்றாங்கன்னா இட்லி பக்கா தானேன்னு. கொஞ்சம் பண்ணிரேன், ப்ளீஸ்."

"எத்தனை பேருல?"

"எங்க ரெண்டு பேரோட சேத்து எட்டு. அவனுங்க சாப்பிடுற சாப்பாட்டுக்கு இருபது பேருன்னு வச்சுக்கோ."

இட்லி வியாபாரத்தை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. செம்பூரில் மகன் வீட்டில் சும்மாதான் இருக்கிறேன். ஒரு நாள் மாவாட்டினால் தேய்ந்துவிட மாட்டேன். ஆனால் எனக்கென்று கேட்ட நாளில் மாவாட்டச் சொல்கிறானே என்று ஒரு பக்கம் எரிந்தது. அவன் பெருமைக்குத்தான் கேட்கிறான், அதுவும் தெரிகிறது. அம்மா இட்லி விற்றவள் என்று சிநேகிதர்களிடம் மறைக்காத பிள்ளை. இதற்கு எப்படிக் கோபப்படுவது? கோபப்படவும் விடாமல் வேலை வாங்குகிறார்களே என்பதுதான் பெரிய எரிச்சல். அரிசியை ஊறப் போட்டேன்.

ஞாயிறு காலையில் காட்டு வழி ஆரம்பிக்கிற இடத்தில் டெம்போவை நிறுத்திச் சைக்கிள்களை இறக்கினார்கள், என் பழைய இட்லிச் சைக்கிளையும்தான். அவர்களுடைய சைக்கிள் எல்லாம் ஒல்லியாக, வெட்டுக்கிளி மாதிரி இருந்தன. மட்கார்டு கிடையாது, பெல் கிடையாது. நான் அப்போதுதான் கவனித்தேன், ஒன்றிலும் கேரியர் இல்லை. முருகேசனும் அப்போதுதான் கவனித்தான்.

"அரே, உன் சைக்கிள்லதான் கேரியர் இருக்கு!" என்று அவனுக்கு ஒரே குஷி. இட்லி டப்பாவைத் தூக்கி என் கேரியரில் வைத்து, பழைய ட்யூபால் இழுத்துக் கட்டினான். சட்னித் தூக்கை ஹேண்டில் பாரில் மாட்டினான். சின்ன வயதில் தினமும் எனக்குக் கட்டிக்கொடுத்த கை. முடிச்சு இன்னும் மறக்கவில்லை.

"வேண்டாம்ல" என்று சொல்ல வாய் வந்தது. சுற்றி அவன் சிநேகிதர்கள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தன் போட்டோ வேறு எடுத்தான். வாயை மூடிக்கொண்டேன்.

செக்போஸ்ட்டில் இருந்தவர் ஆதாரைப் பார்த்து, என் பெயரை விட்டுவிட்டு என் வீட்டுக்காரர் பெயரை எழுதிக்கொண்டார். செத்துப்போனவர் காட்டுக்குள்ளே போக அனுமதி வாங்கினார். எழுதட்டும் என்று விட்டுவிட்டேன்.

5

காட்டுக்குள் நுழைந்ததும் அவன் சிநேகிதர்கள் எல்லாம் முன்னால் பறந்துவிட்டார்கள். கையில் கட்டிய வாட்ச் அவர்கள் நெஞ்சு எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்று சொல்லுமாம். அதை வேகமாக அடிக்க வைப்பதற்குத்தான் இவ்வளவு தூரம் வருகிறார்கள். நான் நெஞ்சை மெதுவாக அடிக்க வைக்கலாம் என்று வந்தவள்.

"ம்மா, ஆராம்சே, மெதுவா வா. அந்தக் கோடியில ஒரு மாருதி கோயில் இருக்கு. அங்க வெயிட் பண்றோம். டென்ஷன் லேனே கா நை!" என்று முருகேசனும் போனான். ஷீத்தல் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு அவளும் போனாள்.

ஏரி வலது கைப்பக்கம் வந்தது. மழை முடிந்த சமயம், கரை தெரியாமல் தண்ணீர் நின்றது. தேக்கு இலை ஒவ்வொன்றும் முறம் அளவு. மரத்துக்கு நடுவே தண்ணீர் வெள்ளையாகத் தெரிந்து தெரிந்து மறைந்தது. இதையெல்லாம் நான் நிம்மதியாகப் பார்த்தேன் என்று நினைக்காதீர்கள். ரோட்டில் குண்டும் குழியும். சட்னி தளும்புமே என்று கண் முழுக்க முன் சக்கரத்துக்கு அடியில்தான் இருந்தது. தலையைத் திருப்பி ஏரியைப் பார்த்தால் பின்பாரம் ஒரு பக்கம் இழுக்கும். பாரம் இருந்தால் பார்வை ரோட்டை விட்டு நகராது. வடாலாவாக இருந்தால் என்ன, காடாக இருந்தால் என்ன?

ஒரு வளைவு வந்தது. கை தானாகப் போய் ஹார்னை அமுக்கியது. பாம் பாம். அடுத்த வளைவிலும் அமுக்கினேன். அமுக்கின பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஒரு பறவைக் கூட்டம் எழுந்து போனது.

மூன்றாவது வளைவு தாண்டினால் பத்துப் பதினைந்து ஓட்டு வீடுகள். அங்கேயும் கை அமுக்கிவிட்டது. வீட்டுக்கு ஒரு ஆளாகத் தட்டோடு, கிண்ணத்தோடு வெளியே வந்துவிட்டார்கள்.

அந்தப் பக்கத்து ஊர்களுக்குப் பாவ் ரொட்டி விற்கிறவன் சைக்கிளில் வருவானாம். அவன் ஹார்னும் இதே சத்தம்தானாம். பிற்பாடு ஷீத்தல் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், ஹார்ன் அடித்தேன், தட்டோடு ஆள் நிற்கிறது என்பதுதான். காலை ஊன்றி நின்றேன்.

பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் டப்பாவை எட்டிப் பார்த்தாள். "பாவ்?" என்றாள்.

நான் வியாபாரத்துக்கு வரவில்லை, ஏரி பார்க்க வந்தேன், இது என் மகனுடைய சிநேகிதர்களுக்கு. இதைச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த மராட்டியை எல்லாம் மனதில் புரட்டிப் பார்த்தேன். அதில் ஏரியும் இல்லை, மகனும் இல்லை. வாயில் வந்தது ஒன்றுதான்.

"இட்லி. கிதி பாயிஜே?" எத்தனை வேண்டும்?

அவள் சிரித்துவிட்டாள். திரும்பி மற்றவர்களிடம் ஏதோ சத்தமாகச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். கேலியா, சந்தோஷமா என்று தெரியவில்லை. ஒரு கிழவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தட்டை நீட்டி, "தோன்" என்றார். இரண்டு வைத்தேன். சட்னி ஊற்றினேன். கை பழைய வேகத்தில் ஓடியது.

பச்சைச் சேலைக்காரி இடுப்பு முடிச்சை அவிழ்த்துக் காசு எடுத்தாள்.

"நகோ" என்றேன்.

அவள் நம்பாமல் இன்னொரு தடவை நீட்டினாள். "நகோ, நகோ" என்றேன். சொல்லும்போது வாய்க்கு இதமாக இருந்தது.

கொஞ்சம் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். டப்பாவைப் பார்த்தேன், பாதி குறைந்திருந்தது. இன்னும் பாதி போனால் கேரியர் காலி. அது தோன்றிய பிறகு நான் நிறுத்தவில்லை. கோயிலில் எட்டுப் பேர் பசியோடு இருப்பார்கள் என்பது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். இரண்டு கேட்டவர்களுக்கு நாலு வைத்தேன். கடைசி இட்லியைப் பச்சைச் சேலைக்காரியின் தட்டில் வைத்துவிட்டு, ட்யூபை அவிழ்த்து, டப்பாவையும் தூக்கையும் அவள் கையில் கொடுத்தேன். "துமாலா" என்றேன். உனக்குத்தான். அவள் டப்பாவைத் தட்டிப் பார்த்தாள், தூக்கிக் கனம் பார்த்தாள். அரிசி போட்டு வைக்கலாம் என்று நான் கையால் காட்டினேன். அவளுக்குப் புரிந்தது. உள்ளே போய், எனக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். நின்று குடித்தேன்.

6

இதற்குப் பிறகு நான் தேரில் போகிற சாமி மாதிரி போனேன் என்று எழுதலாம். போகவில்லை. ஏறி உட்கார்ந்து ஒரு மிதி மிதித்ததும் சைக்கிள் துள்ளியது. முன் சக்கரம் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று ஆடியது. பின்னால் பாரம் இருந்துதான் இத்தனை வருஷம் அது நேராகப் போயிருக்கிறது. காலியாக ஓட்ட எனக்குத் தெரியவில்லை! ஆசைப்பட்டது கிடைத்தால் அதை ஓட்டத் தெரியவில்லை என்றால் ஒருத்திக்கு எப்படி இருக்கும்? காட்டுக்கு நடுவில் நின்று சைக்கிளைத் திட்டினேன். அங்கே யாரும் இல்லை, அதனால் சத்தமாகவே திட்டினேன்.

பக்கத்தில் ஒரு நல்ல கல் கிடந்தது. எடுத்துக் கேரியரில் கட்டினால் சரியாகப் போகும். குனிந்து தொட்டும் பார்த்தேன். பிறகு, போடி உன் கல்லும் நீயும் என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச தூரம் உருட்டினேன். மறுபடி ஏறினேன். சீட்டில் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் ஆட்டம் குறைகிறது, மிதியை வேகமாக மிதிக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. கோயில் வருவதற்குச் சற்று முன்னால் ஒரு சின்னத் துண்டு ரோடு, குழியில்லாமல், தண்ணீருக்கு மேலேயே கட்டியது போலப் போனது. அதில் நான் தலையைத் திருப்பி ஏரியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். தண்ணீரில் பட்டுப்போன மரங்கள் நின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு கருப்புப் பறவை. அந்த ரோடு முடிந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று அதற்கும் எரிச்சல் வந்தது.

7

கோயில் படிக்கட்டில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கைதட்டினார்கள். முருகேசன் ஓடிவந்து சைக்கிளின் பின்னால் பார்த்தான்.

"ம்மா, டப்பா எங்க?"

"குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"வழியில ஒரு ஊரு. தட்டோட வந்துட்டாவ."

"எல்லாத்தையுமா? அரே! எட்டுப் பேரு பசில கெடக்கோம். சரி, டப்பா?"

"அதையுந்தான்."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஷீத்தல் சிரித்தவள், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். கோயில் பக்கத்தில் ஒரு டீக்கடை, அதில் பிஸ்கெட்டைத் தவிர ஒன்றும் இல்லை. ஆளுக்கு ஒரு பாக்கெட் தின்றார்கள். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அந்த மரியாதைதான் தாங்கவில்லை, திட்டினால் தேவலை என்றிருந்தது.

திரும்பக் கிளம்பும்போது வெயில் ஏறிவிட்டது. எல்லாரும் மேல்சட்டையைக் கழற்றினார்கள். முருகேசன் அதையெல்லாம் சுருட்டி ஒரு மூட்டையாக்கினான். காலித் தண்ணீர் பாட்டில்களையும் அதற்குள் திணித்தான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நேராக என் சைக்கிளுக்கு வந்து, கேரியரில் வைத்து, ட்யூபை இழுத்தான்.

"எடுல அத!"

அது என் சத்தம்தான் என்று எனக்கே முதலில் தெரியவில்லை. டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். சிநேகிதர்கள் எல்லாரும் அப்படியே நின்றார்கள்.

"ம்மா, வெயிட்டே இல்ல. துணிதான..."

"துணியோ பஞ்சோ, எடு. என் கேரியர்ல ஒண்ணும் வைக்கக் கூடாது. நான் வெறுமனே ஓட்டணும்னுதான் வந்தேன். அதுக்குத்தான் கேட்டேன். நீ எல்லாத்தையும் தூக்கித் தூக்கி என் முதுகுலயே கட்டுத."

முகம் சுருங்கிப்போனான். மூட்டையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டான். மற்றவர்கள் ஹிந்தியில் என்ன என்று கேட்டார்கள். "குச் நை", ஒன்றுமில்லை என்றான். அவர்கள் கிளம்பிவிட்டார்கள், ஷீத்தலும் போனாள். அவன் மட்டும் போகவில்லை. என் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு வந்தான்.

தனியாக விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பக்கத்தில் வந்ததோடு பேசிக்கொண்டும் வந்தான். முன்னாலேயே சொல்லியிருந்தால் இட்லியே கேட்டிருக்க மாட்டேன், எப்போதும் எதையும் சொல்லாமல் இருந்தால் எனக்கு எப்படித் தெரியும், இப்போது எல்லார் முன்னாலும் கத்துகிறாய் என்று ஒவ்வொன்றாக. அவன் சொன்னதில் பாதி நியாயம். நான் மிதித்துக்கொண்டே போனேன். தண்ணீருக்கு மேலே போகிற அந்தத் துண்டு ரோடு வந்ததும் இன்னும் மெதுவாக்கினேன்.

அவனுடைய வெட்டுக்கிளிச் சைக்கிளுக்கு அந்த மெதுவான ஓட்டம் ஒத்துவரவில்லை. ஆடியது. காலை ஊன்றினான், ஏறினான், மறுபடி ஊன்றினான்.

"ம்மா, இதவிட மெதுவா என்னால ஓட்ட முடியாது. விழுந்துருவேன்."

"அப்ப எறங்கி நட."

இறங்கினான். தோளில் மூட்டையோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு, பேச்சை நிறுத்திவிட்டு நடந்து வந்தான். நான் தலையைத் திருப்பி ஏரியைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.